ரீச்சர் இல்லாத பிள்ளைக்கு

பிள்ளை,

நாலு நாளாக உனக்குப் போன் எடுக்கிறேன். மணி போகிறது, நீ எடுக்கிறாய் இல்லை. முதல் நாள் நான் கத்தியது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீயும், "நான் பொய் ஒண்டும் சொல்லேல்லையே அப்பா" என்று ஒரேயொரு வசனத்தைச் சொல்லிவிட்டு டக்கென்று வைத்தாயே, அது என்ன பழக்கம்? இன்னும் மூன்று கிழமையில் பிளேன் ஏறப் போகிறாய். போகமுதல் அளவெட்டிக்கு வீட்டுக்கு வர நேரமில்லை, பேராதனைக் கம்பஸில் இருந்து நேரே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறேன் என்று அம்மாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய். நல்லது. எடுக்காத போனோடு மல்லுக்கட்டுவதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை நீ வைத்துவிட முடியாது என்பதற்காகத்தான் கடிதம்.

அந்த வீடியோவை எங்களுக்குக் காட்டியது பக்கத்து வீட்டு மாமி. "இஞ்சை ஓடி வாங்கோ, உங்கடை மோள் போனிலை கதைக்கிறாள்" என்று வேலிக்கு மேலால் கூப்பிட்டார். அம்மா குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள், கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு. வீடியோவுக்குத் தலைப்பு, 'பள்ளிக்கூடமே போகாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில்'. தலைப்பைப் பார்த்தவுடனேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடமே போகாத பிள்ளையாம்! ஒன்றாம் இரண்டாம் வகுப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது யார்? நெல்லியடியில் சின்னம்மா வீட்டில் நின்று உயர்தரம் படித்தது யார், உன்னுடைய ஆவியா? சரி, அது அந்த வீடியோக்காரத் தம்பியின் வேலை, அவனுக்கு ஆள் பார்த்தால்தான் பிழைப்பு. அதை விட்டுவிடுவோம்.

"ஏழு வருசம் ஒரு வான் வண்டிக்கை வளந்தன்" என்றாய். உண்மை. "சிநேகிதம் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை" என்றாய். அதுவும் உண்மை, கேட்கும்போது நெஞ்சில் குத்தினாலும் உண்மை. பிறகு அவன், "அப்ப உங்களுக்கு ஆர் படிப்பிச்சது?" என்று கேட்டான். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இப்போதும் கண்ணை மூடினால் காண்கிறேன். "ஒருத்தரும் இல்லை. நானாத்தான் படிச்சன். அப்பாவின்ரை கிணறு அடிக்கிற மிசின் கிண்டிப் போட்ட மண்தான் எனக்கு ரீச்சர்" என்றாய்.

மாமி கைதட்டினார். "கேட்டனீங்களே, உங்கடை மிசினைச் சொல்லுறாள்!" என்று என் பக்கம் திரும்பினார். உள்ளதைச் சொல்கிறேன் பிள்ளை, மூன்று விநாடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உன்னுடைய வீடியோ முடிந்து வேறு யாரோ நண்டுக்கறி வைக்கிற வீடியோ ஓடத் தொடங்கிய பிறகும் பார்த்துக்கொண்டு நின்றாள். "வடிவாக் கதைக்கிறாள், என்ன?" என்று மாமியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் கதைத்தது அவ்வளவுதான்.

நீ என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்சு வானிலை ஏத்திக்கொண்டு திரிஞ்சவர்" என்று சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பேன். அது என் முடிவு. சண்டை முடிந்து வன்னியில் சனம் திரும்பக் குடியேறத் தொடங்கிய காலம், குடிக்கத் தண்ணீர் இல்லை, ஊருக்கு ஊர் குழாய்க் கிணறு அடிக்க ஆள் தேடினார்கள். என்னிடம் ஒரு பழைய மிசின் இருந்தது. போனால் மாதக்கணக்கில் திரும்ப முடியாது. பிள்ளையைப் படிப்புக்காக இங்கே யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னை எட்டு வயதில் அப்படித்தான் படிப்புக்கென்று பெரியம்மா வீட்டில் விட்டார்கள். சண்டையில் பாதை பூட்டுப்பட்டு மூன்று வருடம் என்னைப் பெற்றவளைக் காணாமல் இருந்தேன். திரும்பக் கண்டபோது அவவை 'அம்மா' என்று கூப்பிட வாய் வரவில்லை. என் பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். முன்னுக்கு லொறியில் மிசின், பின்னுக்கு வானில் நாங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், மூதூர் என்று ஏழு வருடம். நீ மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய மாதத்தில் வானில் ஏறினாய்.

நான் ஏற்றினேன். ஆனால் படிப்பித்தது யார்? மண்ணா?

நினைத்துப் பார். மிசின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் அந்த இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்குள் உனக்கு வாயால் ஒன்றும் சொல்லித்தர முடியாது என்று அம்மா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேள்வியைக் கொப்பியில் எழுதி உன் பக்கம் தள்ளுவாள், நீ பதிலை எழுதி அவள் பக்கம் தள்ளுவாய். வானின் பின்கதவைத் திறந்துவிட்டு இரண்டு பேரும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு சொல் கதைக்காமல் மணிக்கணக்கில் கொப்பியை அங்கேயும் இங்கேயும் தள்ளிக்கொண்டு இருப்பீர்கள். கிராமத்துச் சனம் வந்து பார்த்துவிட்டு, "தாயும் மோளும் கோவமோ?" என்று என்னைக் கேட்கும். பத்து அடிக்கு ஒரு கும்பி என்று நாங்கள் மண்ணை எடுத்து வரிசையாக வைப்போம் அல்லவா, எந்த ஆழத்தில் என்ன மண் என்று பார்க்க? அந்தக் கும்பிகளுக்குள் உன்னை இறக்கிவிட்டவள் அவள். எந்தக் கும்பி ஈரம், எது பிசுபிசுப்பு, எதில் சிப்பித் துண்டு கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று எழுதி எழுதிக் கேட்டவள் அவள். எனக்கு மண்ணில் தெரிந்ததெல்லாம் தண்ணீர் வருமா வராதா என்பது மட்டும்தான்.

இந்த நாலு நாளாக யோசித்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. உன் நினைவில் படிப்பிக்கிற குரல் என்று ஒன்று இல்லை. மிசின் சத்தம் இருக்கிறது, மண் இருக்கிறது, உன் கையில் பேனை இருக்கிறது. அதனால்தான் நானாகப் படித்தேன் என்று உன் வாயில் அவ்வளவு சுகமாக வந்ததோ? நீ வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்று நம்பப் பார்க்கிறேன். ஆனால் கொப்பியின் மற்றப் பக்கத்துக் கையெழுத்து யாருடையது என்று ஒரு தரமாவது நினைக்க வேண்டாமா? இருபத்துநாலு வயதாகிறது உனக்கு. துரோகம் என்பது பெரிய சொல், சொந்தப் பிள்ளைக்கு எழுதக் கூசுகிறது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

உன் மனதில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ஊரில் கிணறு அடித்த வளவுக்குப் பக்கத்தில் கொட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அந்த அதிபர் நல்ல மனிசன், "நிக்கிற மட்டும் பிள்ளையை அனுப்புங்கோ" என்றார். எட்டு நாள் போனாய். யாரோ ஒரு பிள்ளையோடு ஒட்டிக்கொண்டுவிட்டாய், சோறு தின்னும்போதும் அவளுடைய கதைதான். எட்டாம் நாள் பின்னேரம் என்னிடம் வந்து, "அப்பா, இந்தக் கிணத்திலை தண்ணி வராட்டி இன்னும் கொஞ்ச நாள் நிப்பமோ?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டு, "விசர்க் கதை கதையாதை" என்றேன். அடுத்த நாள் விடியப் பார்த்தால் குழாய்க்குள் கல். நீ சட்டையில் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து வந்து போட்டிருக்கிறாய். ஊர்ச்சனம் குடத்தோடு சுற்றி நிற்கிறது. எனக்குக் கண் மண் தெரியவில்லை, எல்லோருக்கும் முன்னால் உன்னை அறைந்தேன். அந்தச் சிநேகிதப் பிள்ளையும் அங்கே நின்றது.

அந்த அடிக்கு இன்றுவரைக்கும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் நினை. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போய் வானில் இருத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு, "எத்தினை கல்லுப் போட்டனி?" என்று கேட்டாள். "எண்ணேல்லை" என்றாய். "எண்ணாமல் போட்டது பிழை. குழாயின்ரை வாய் ஆறு அங்குலம், ஆழத்துக்குக் கும்பியளை எண்ணு. எத்தினை கல்லுப் போட்டால் நிரம்பும் எண்டு கண்டுபிடி, பிறகு அழலாம்" என்றாள். நீ விக்கிக்கொண்டே கணக்குச் செய்தாய். மத்தியானம் நானும் வேலைக்காரரும் கல்லெடுக்க மாரடித்துக்கொண்டிருக்கும்போது, விடையைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாய். உருளையின் கனவளவு என்று பெரிய வகுப்பில் சொல்லித் தருவதை நீ ஒன்பது வயதில் படித்தது அப்படித்தான். இன்றைக்கு நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்கென்று வெளிநாடு கூப்பிடுகிறதே, அதன் முதல் பாடம் அது. அந்த ரீச்சருக்குப் பெயர் மண் இல்லை.

இவ்வளவையும் எழுதி, கடைசியில் 'உடனே அம்மாவிடம் மன்னிப்புக் கேள்' என்று ஒரு வரியோடு முடித்துத் தபாலில் போட்டிருப்பேன். எனக்கும் ஆறியிருக்கும். ஆனால் நேற்று ஒன்று நடந்துவிட்டது.

மத்தியானம் அம்மா முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் அவளை ஆற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "உவள் வரட்டும், கேக்கிறன் நாக்கைப் பிடுங்கிற மாதிரி" என்றேன். அவள் நிமிரவில்லை. "அவள் சொன்னதிலை என்ன பிழை? நான் உண்மையான ரீச்சர் எண்டால் எனக்கும் கடிதம் வந்திருக்குமெல்லே. என்னோடை நிண்ட எல்லாருக்கும் வந்தது. தாய் தன்ரை பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிறதை ஆர் படிப்பிக்கிறது எண்டு சொல்லுறது?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கீரையின் விலை சொல்வது மாதிரிச் சொன்னாள்.

என்ன கடிதம் என்று உனக்குத் தெரியாது. உன்னைப் பெற முதலும் பெற்ற பிறகும் அம்மா தொண்டர் ஆசிரியராக நின்றவள். அதாவது சண்டைக் காலத்தில் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களில் சும்மா போய்ப் படிப்பிப்பது, என்றைக்காவது அரசாங்கம் நிரந்தர நியமனம் தரும் என்ற நம்பிக்கையில். நாலு வருடம் அப்படி நின்றாள். நாங்கள் வானில் ஏறி இரண்டாம் வருடம் அவளோடு நின்றவர்களுக்கெல்லாம் நியமனம் வந்தது. அவளுக்கு மட்டும் வரவில்லை.

வந்தது பிள்ளை.

நாங்கள் மன்னாரில் நின்ற நேரம், மிசினுக்குச் சாமான் வாங்க நான் தனியே யாழ்ப்பாணம் வந்தேன். வீட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று அளவெட்டிக்கும் வந்தேன். எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "நல்ல வேளை கண்டன், உங்கடை மனிசியின்ரை பேருக்குப் பதிவுத் தபால் ஒண்டு கிடக்கு, நீங்களே வையுங்கோ கையெழுத்தை" என்றார். வைத்தேன். பிரித்தும் பார்த்தேன். நெல்லியடிக்கு அங்கால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஆரம்பப் பிரிவு, இரண்டு கிழமைக்குள் கடமையைப் பொறுப்பேற்க வேண்டும். அவளுடைய முழுப்பெயரும் பிழையில்லாமல் அடித்திருந்தது.

அவள் அந்த வேலைக்குப் போனால் நீயும் அவளோடு போவாய். நான் மிசினோடு தனியே திரிய வேண்டும். எனக்கு ஓடியது அது ஒன்றுதான். உன்னைப் பிரியக் கூடாது, நீ என்னை மறந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். மன்னாருக்குப் போனவுடன் சொல்லலாம் என்று லொறியில் மிசின் திருத்துகிற சாமான் கிடக்கும் ஆயுதப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். போனவுடன் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. இரண்டு கிழமை போய்விட்டது, இனிச் சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன். சிநேகிதிகளுக்குக் கிடைத்தது தெரிந்தபோது அவள், "எனக்கு ஏன் வரேல்லை எண்டு ஒருக்கால் கல்விக் கந்தோரிலை விசாரிச்சுப் பாருங்கோ" என்று கேட்டாள். நான் போகவே இல்லை. போனதாகச் சொன்னேன். "உம்மடை பேர் பட்டியலிலை இல்லையாம். விடும், அரசாங்கம் எண்டால் உப்பிடித்தான்" என்றேன். அவள் நம்பினாள். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் தன்னை ரீச்சர் என்று சொன்னதில்லை.

உனக்கு அறை விட்டதை ஊரே பார்த்தது. இதை ஒருவரும் பார்க்கவில்லை, அதனால் பதினைந்து வருடம் நல்ல மனிசன் மாதிரித் திரிந்தேன். ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், புத்திமதி என்றே வைத்துக்கொள். அன்பால் செய்தேன் என்று ஒருவன் சொன்னால், அவன் யாரைக் கேட்காமல் அதைச் செய்தான் என்று கேள். போகிற நாட்டில் உனக்கும் யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டு வருவான்.

நேற்று அவள் அதைச் சொன்ன பிறகு என்னால் இருக்க முடியவில்லை. அதுவரைக்கும் எழுதிய தாள்களையும் பெட்டிக்கு அடியில் கிடந்த கடிதத்தையும் கொண்டுபோய் அவளுடைய கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் வாசித்தாள். நியமனக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"கையெழுத்து ஆர் வச்சது?"

"நான்தான்."

"நான் விசாரிக்கச் சொன்னனான். நீங்கள் போகேல்லை?"

"இல்லை."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவள் கடிதத்தை மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்தாள். "அந்தப் பள்ளிக்கூடத்திலை ஒண்டாம் வகுப்பிலை எத்தினை பிள்ளையள் இருந்திருக்கும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "ஓம், உங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டப் போனாள்.

இன்று காலை ஒரு பையோடு வெளிக்கிட்டு நெல்லியடிக்குப் போய்விட்டாள், சின்னம்மா வீட்டுக்கு. "சோறு மூடிக் கிடக்கு" என்றாள். எப்போது வருவாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நியமனக் கடிதத்தையும் கொண்டுபோய்விட்டாள். சற்று முன் சின்னம்மா போன் எடுத்தார். "அத்தான், அக்காவுக்கு என்ன நடந்தது? இஞ்சை அங்காலை இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் விடுற நேரம் போய் அந்த வாசலிலை நிக்கிறா. ஆரைப் பாக்கிறீர் எண்டு கேட்டால் ஒண்டும் கதைக்கிறா இல்லை" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனது இதுதான் முதல் தரம்.

அதனால் என் போனுக்கு எடுத்து அம்மாவைக் கேட்காதே, அவள் இங்கே இல்லை. நான் நெல்லியடிக்குப் போனால் முகம் கொடுக்க மாட்டாள். கொடுக்கவும் வேண்டாம். நீ போ. பேராதனையில் இருந்து பஸ் ஏறினால் ஒரு நாள்தான். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை, அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. அந்த வீடியோக்காரத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறாயோ தனியே போகிறாயோ, உன் இஷ்டம்.

நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம். நான் செய்ததைத் திருத்த வழியில்லை. அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் இப்போது பெரிய ஆட்களாகியிருப்பார்கள், அரசாங்கமும் அவளுக்கு இன்னொரு கடிதம் போடாது. உனக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

அப்பா